தேங்காய் எண்ணெயும் உடலின் ஈரமும்

தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு நம் பகுதியில் இல்லை. குழந்தை பிறந்த நாள் முதல் முதுமை வரை அது தலைக்கும் உடலுக்கும் பயன்பட்டு வருகிறது. எனினும், நாள்தோறும் கையாளும் ஒரு பொருளைப் பற்றி நாம் தெளிவாக அறிந்திருப்பது சிறிதே. "தோல் வறண்டிருக்கிறது, எண்ணெய் தடவினால் ஈரம் வரும்" என்று பலரும் கூறுவர். எண்ணெயில் ஈரம் உண்டா? நல்ல எண்ணெயில் தண்ணீர் ஒரு துளியும் இருத்தல் ஆகாது. ஈரமே இல்லாத ஒரு பொருள் தோலுக்கு ஈரத்தை எவ்வாறு தரும்?

இவ்வினாவிற்கு விடை காண்பதே இத்திங்கள் பாடத்தின் நோக்கமாகும். விடையைச் சுருங்கக் கூறின், எண்ணெய் ஈரத்தைத் தருவதன்று. இருக்கின்ற ஈரத்தைக் காப்பது. இவ்வொரு கருத்தை உணர்ந்தால், எண்ணெயை எப்பொழுது தடவுவது, எவ்வளவு தடவுவது, எவ்விடத்தில் தவிர்ப்பது, எத்தகைய எண்ணெயை வாங்குவது என்பனவெல்லாம் தாமே விளங்கும்.

பெரியபாளையத்துப் பயிர்த்தொழிலாளரும், பக்கத்து ஆரணியில் தறியோட்டும் நெசவாளரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சென்று வரும் இளைஞரும் நம் சங்கங்களின் அங்கத்தினராகவோ அங்கத்தினரின் மக்களாகவோ இருக்கின்றனர். இம்மூவருக்கும் கையே முதல். கை வெடித்தால் நாற்று நடுவது எரிச்சல். விரல் சொரசொரத்தால் நூல் மாட்டி அறும். குதிகால் பிளந்தால் மிதிப்பலகையை அழுத்துவது வேதனை. ஆதலின் தோலைப் பேணுதல் அழகைச் சார்ந்த செய்தி மட்டும் அன்று. அது பிழைப்பைச் சார்ந்த செய்தியுமாகும்.

1. தோல் வறளுவது ஏன்?

நம் தோலின் மேற்பகுதி மிக மெல்லிய ஓர் அடுக்கு. அதனை ஒரு செங்கற் சுவருக்கு ஒப்பிடலாம். உயிர் நீங்கிய தட்டையான அணுக்கள் செங்கற்கள். அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. உடலின் உள்ளிருக்கும் நீர் இச்சுவரின் வழியே ஓயாமல் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறிக்கொண்டேயிருக்கிறது. சாந்து நன்றாக இருக்கும்வரை இந்த இழப்பு அளவோடு நிற்கும். சாந்து கரைந்துபோனால் சுவரில் இடுக்குகள் உண்டாகும். நீர் விரைந்து வெளியேறும். அணுக்கள் காய்ந்து சுருங்கி, செதிலாக உரிந்து, இறுதியில் வெடிப்பாகும்.

சாந்தைக் கரைப்பவை எவை? முதலாவது சோப்பு. அழுக்கிலுள்ள எண்ணெயைக் கரைக்கும் அதே குணம் தோலின் கொழுப்பையும் கரைக்கிறது. உவர்நீரில் சோப்பு நுரையாமல் பிசுக்காகத் தோலில் படிவதால், மக்கள் மேலும் மேலும் தேய்க்கின்றனர்; தீங்கு மிகுகிறது. இரண்டாவது, சாயப்பட்டறையில் கையாளும் காரப் பொருள்களும் சலவைச் சோடாவும். மூன்றாவது, இயந்திர மசகை நீக்குவதற்காகத் தொழிலாளர் சிலர் மண்ணெண்ணெயில் கை கழுவும் வழக்கம். நான்காவது, சேற்றிலும் நீரிலும் நெடுநேரம் நின்று, பின் வெயிலில் உலர்தல். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நிகழும்போது சாந்து சிறிது சிறிதாக அரிக்கப்படுகிறது. வயது ஏற ஏற இயற்கையாகச் சுரக்கும் கொழுப்பும் குறைவதால், முதியோரின் கணுக்கால்களில் வறட்சி முதலில் தோன்றுவதைக் காணலாம்.

2. எண்ணெய் செய்யும் வேலை யாது?

தேங்காய் எண்ணெய் தோலின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, இடுக்குகளை நிரப்பி, நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. இஃது ஏரிக்குக் கரை போட்டது போன்ற செயல். கரை நீரை உண்டாக்குவதில்லை. வந்த நீரை நிறுத்திவைக்கிறது. ஏரி வற்றிய பின் கரையை உயர்த்துவதால் பயன் என்ன? காய்ந்து வறண்ட தோலின் மேல் கையளவு எண்ணெயை வழிய விடுவதும் அத்தகையதே. குளித்தவுடன், கால் கழுவியவுடன், துணியால் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். அப்பொழுது சிறிதளவு எண்ணெயே போதுமானதாகும்.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று தொழுநோய்ப் பணியிலிருந்து கிடைக்கிறது. அந்நோயால் நரம்புகள் கெட்ட இடத்தில் உணர்வு போவதோடு வியர்வையும் நின்றுவிடுகிறது. வியர்வையற்ற தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வலிக்காது, வலிக்காததால் கவனிக்கப்படாமல் புண்ணாகும். செங்கற்பட்டை அடுத்த திருமணியிலும், வேலூரை அடுத்த கரிகிரியிலும் 1955 முதல் தொழுநோய்க்கென ஆராய்ச்சியும் பயிற்சியும் அளிக்கும் நிலையங்கள் பணிபுரிந்து வருகின்றன. நம் நாட்டில் தொழுநோயாளருக்குக் கற்பிக்கப்படும் தற்பேணல் முறை இது: நாள்தோறும் கை கால்களை ஏறத்தாழ 20 நிமிடங்கள் சாதாரண நீரில் ஊறவைத்தல்; தடித்த தோலை மெல்லத் தேய்த்து நீக்குதல்; நீரை முழுவதும் துடைத்துவிடாமல் எண்ணெய் தடவுதல். முதலில் நீர், பிறகு எண்ணெய் என்னும் வரிசையைக் கவனிக்க. விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. ஒரு வாளி நீரும் ஒரு கரண்டி எண்ணெயும், நாள் தவறாத ஒழுங்கும் பல கால்களைக் காத்துள்ளன.

மருத்துவ ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. தென்னை மிகுந்த பிலிப்பைன்ஸ் நாட்டில் தோல் வறட்சியுற்ற 34 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாரார் நேரடியாகப் பிழிந்த தேங்காய் எண்ணெயையும், மற்றொரு சாரார் கனிம எண்ணெய் எனப்படும் பாரபின் திரவத்தையும் இரண்டு வாரங்கள் கால்களில் தடவி வந்தனர். இரு சாராருக்கும் தோலின் ஈரப்பதம் உயர்ந்தது; ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபாடு இல்லை. அதே நாட்டில் கரப்பான் போன்ற ஒவ்வாமைத் தோல் நோயுற்ற 117 குழந்தைகளை எட்டு வாரங்கள் கவனித்து 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட மேம்பட்ட பயனைத் தந்தது. இவற்றால் நாம் அறிவது, தேங்காய் எண்ணெய் தோலின் ஈரத்தைக் காக்கும் நல்ல பொருள் என்பதே. அதற்கு மந்திர ஆற்றல் உண்டென்றோ, தோல் நோய்கள் யாவற்றையும் அது தீர்க்குமென்றோ கொள்ளலாகாது.

3. எப்பொழுது, எவ்வளவு?

நெசவாளர்க்கு: பகலில் தறியில் அமர்வதற்கு முன் கையில் எண்ணெய் தடவுதல் ஆகாது. எண்ணெய்க் கறை பட்ட நூலில் சாயம் சீராக ஏறாது. நெய்த சேலையில் கறை தெரிந்தால் கூலியில் பிடித்தம் நேரும். வேலை முடிந்து, கை கழுவி, உறங்கச் செல்லும் முன் தடவுதலே முறை. இரவு முழுவதும் தோல் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ளும். காலையில் கழுவிவிட்டுத் தறிக்குச் செல்லலாம். குதிகால் வெடிப்புள்ளவர் காலை 20 நிமிடம் நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தல் நன்று.

பயிர்த்தொழிலாளர்க்கு: வயலிலிருந்து வந்தவுடன் சேற்றைக் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்தியபின், பாதத்தின் மேலும் கீழும் மட்டும் எண்ணெய் தடவ வேண்டும். விரலிடுக்கில் ஈரமும் எண்ணெயும் தேங்கினால் தோல் ஊறி வெளுத்துச் சேற்றுப்புண் உண்டாகும். நீரிழிவு உள்ளவர் இவ்விதியைச் சிறிதும் தளர்த்தலாகாது.

ஆலைத் தொழிலாளர்க்கு: கையில் படிந்த மசகை நீக்க மண்ணெண்ணெய் வேண்டுவதில்லை. எண்ணெயில் எண்ணெய் கரையும். அரைக் கரண்டித் தேங்காய் எண்ணெயை உலர்ந்த கையில் ஊற்றித் தேய்த்து, கழிவுத் துணியால் துடைத்துவிட்டால் மசகின் பெரும்பகுதி நீங்கும். அதன்பின் சிறிதளவு சோப்பே போதும்.

அளவு: ஐந்து மில்லி கொள்ளும் தேநீர்க் கரண்டியை அளவாகக் கொள்க. இரு கைகளுக்கும் முழங்காலுக்குக் கீழும் அரைக் கரண்டி போதும். நால்வர் உள்ள குடும்பம் நாள்தோறும் இவ்வாறு தடவினால் நாளொன்றுக்கு 10 மில்லி, மாதத்திற்கு 300 மில்லி ஆகும். தடவிய பின் பாயிலும் துணியிலும் ஒட்டும் எண்ணெய் தோலுக்குப் பயன்பட்டதன்று.

4. தலைமுடியும் பாவு நூலும்

தலைமுடியைப் பற்றி நெசவாளருக்கு விளக்குதல் எளிது. ஏனெனில் முடியும் ஓர் இழையே. பருத்தி நூல் செடியின் நாரால் ஆயது. பட்டும் கம்பளியும் தலைமுடியும் புரதத்தால் ஆயவை. பருத்தி நனைந்தால் வலிமை கூடும். பட்டும் கம்பளியும் முடியும் நனைந்தால் வலிமை குன்றும். ஆகவே நனைந்த கூந்தலைச் சிக்கெடுத்தால், உலர்ந்த கூந்தலைவிட அதிகமாக அறும். குளித்தவுடன் ஈரத்தலையில் நெருக்கமான சீப்பைப் போட்டு இழுப்பது, நனைந்த பட்டிழையை வெடுக்கென்று இழுப்பதற்கு ஒப்பாகும்.

முடியின் புறத்தே மிக மெல்லிய செதில்கள், கீற்றுக் கூரையில் ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பதுபோல், அடிமுதல் நுனிவரை படிந்துள்ளன. தண்ணீர் உட்புகும்போது முடி பருக்கிறது, செதில்கள் தூக்குகின்றன. உலரும்போது சுருங்குகிறது. இவ்வாறு பன்முறை பருத்துச் சுருங்குவதால் செதில்கள் உடைந்து, உள்ளிருக்கும் புரதம் சிறிது சிறிதாகக் கழுவப்பட்டுவிடும். முடி நுனி பிளப்பதும், பளபளப்புக் குன்றுவதும் இதனாலேயே.

இவ்விடத்தில் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்பது. அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. புரதத்தோடு ஒட்டும் இயல்பும் உடையது. ஆதலின் அது முடியின் புறத்தே நில்லாமல் உள்ளேயும் செல்கிறது. 2003-ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர் இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே என்று கண்டனர். தலை கழுவுவதற்கு முன் தடவியபோதும் பின் தடவியபோதும் இப்பயன் தெரிந்தது. இவ்வாய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடைபெற்றது என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். விற்பவரே செய்த ஆய்வு என்பதால் அதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. யார் செய்தது என்பதைக் கேட்டறிந்து எடைபோட வேண்டும் என்பதே நம் கருத்து.

பாவுக்குக் கஞ்சி போடும்போது சிறிது எண்ணெய் சேர்க்கும் வழக்கத்தை இங்கே நினைவுகூர்க. வெறும் கஞ்சி காய்ந்தால் நூல் விறைத்து முறியும். எண்ணெய் சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். அச்சிலும் விழுதிலும் உராய்ந்து அறுவது குறையும். எனினும் எண்ணெயைக் கூட்டிவிட்டால் நூலில் தூசி படியும், சாயமும் மங்கும். கூந்தலுக்கும் இதே அளவறிவு வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டிய முறை: தலை கழுவும் நாளில், கழுவுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ முதல்நாள் இரவிலோ, ஒன்று அல்லது இரண்டு கரண்டி எண்ணெயை முடியின் நடுப்பகுதி முதல் நுனிவரை தடவுக. நீர் முடிக்குள் அளவுமீறிப் புகுவதை அது தடுக்கும். கழுவியபின் துணியால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றியெடுக்க. ஓரளவு உலர்ந்தபின் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க. நுனியில் மட்டும் சில துளி எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

எண்ணெய் தடவினால் முடி புதிதாக முளைக்கும் என்பது விளம்பரக்காரர் வாக்கு. முடி முளைப்பது தோலுக்குக் கீழுள்ள வேரில். நாம் காணும் முடி உயிரற்ற இழை. எண்ணெய் முளைத்த முடியை முறியாமல் காக்கும். முறிவது குறைந்தால் கூந்தல் நீளமாகவும் அடர்ந்தும் தோன்றும். அவ்வளவே.

ஆடித் திங்களில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வந்து முடி காணிக்கை செலுத்துவோர் ஏராளம். மழித்த தலைக்கு வெயிலைத் தடுக்கும் கூரை இல்லை. மழித்தபோது உண்டான கீறல்கள் ஆறும்வரை பொறுத்து, பின்னர்க் குளித்தவுடன் மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவலாம். வெயிலுக்குத் துண்டோ தொப்பியோ வேண்டும்; எண்ணெய் வெயிலைத் தடுக்கும் கவசம் ஆகாது.

5. எங்கே தவிர்க்க வேண்டும்?

நல்ல பொருளும் இடமறியாது பயன்படுத்தினால் தீங்காகும். பின்வருவனவற்றைச் சங்க வாயிலில் எழுதி ஒட்டினாலும் தகும்.

(அ) முகப்பரு உள்ளவர் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுதல் கூடாது. அது மயிர்த்துளைகளை அடைக்கும் இயல்புடையது, பரு பெருகும்.

(ஆ) பொடுகு மிகுந்து தலைத்தோல் சிவந்து அரிப்பவர் எண்ணெயைத் தலைத்தோலில் ஊறவிடலாகாது. அங்கு வாழும் ஒருவகைப் பூஞ்சை கொழுப்பை உண்டு பெருகுவது. முடியில் தடவலாம், தோலுக்கு மருத்துவரைக் கேட்க.

(இ) குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுதல் அறவே கூடாது. அழுகின்ற குழந்தையின் மூச்சுக்குழல் வழியே எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று, மருந்துக்கு எளிதில் அடங்காத ஒருவகை நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். காதில் ஊற்றுவதும் தவிர்க்கத்தக்கதே. பாட்டிமார் அன்பினால் செய்வது இது. அன்பினாலேயே அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். உடலில் மென்மையாகத் தடவிக் குளிப்பாட்டுவதில் தவறில்லை.

(ஈ) தீப்புண் பட்டவுடன் எண்ணெய் தடவுதல் பெரும் பிழை. சூடு உள்ளே தங்கிவிடும். 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்டி, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்குச் செல்க.

(உ) சீழ் உள்ள புண்ணுக்கும், படர்தாமரைக்கும் எண்ணெய் மருந்தன்று.

6. நல்ல எண்ணெயை அறிவது எப்படி?

இனி, அங்கத்தினரின் பணத்தைச் சார்ந்த பகுதிக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டில் தேங்காய் எண்ணெய் விலை முன் எப்பொழுதும் இல்லாத உயரத்தை எட்டியது. விலை ஏறும்போதெல்லாம் கலப்படம் பின்தொடரும். 2018-ஆம் ஆண்டில் கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை, கலப்படம் கண்டு பல பத்து வணிகப் பெயர்களையுடைய தேங்காய் எண்ணெய்களின் விற்பனையைத் தடை செய்தது. தென்னை நாட்டிலேயே நிலை இதுவாயின், மற்ற இடங்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

முதற் சோதனை உறைதல். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழ் உறையும். மார்கழி, தை மாதக் காலையில் நம் பகுதியில் எண்ணெய் வெண்மையாகக் கட்டிவிடுவது இதனாலேயே. இதனைக் கண்டு "கொழுப்புக் கலந்துவிட்டார்கள்" என்று ஐயுறுவோர் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது: நல்ல எண்ணெய் உறையும், உறையாத எண்ணெயே ஐயத்திற்குரியது. கோடையில் சோதிக்க, கண்ணாடிக் குவளையில் எண்ணெயை ஊற்றி, குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தலாகாது. முழுவதும் ஒன்றாக உறைந்தால் நன்று. ஒரு பகுதி தனி அடுக்காகத் திரவமாகவே நின்றால் வேற்றெண்ணெய் கலந்துள்ளது எனலாம். ஆனால் பனங்கொட்டை எண்ணெயும் உறையும் தன்மையது; அக்கலப்படத்தை இச்சோதனை காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும்.

இரண்டாவது, சீட்டைப் படித்தல். கடையில் நீலப்புட்டி, பச்சைப்புட்டி எனப் பல நிற்கும். தென்னைமரப் படம் இருப்பதால் மட்டும் அது தேங்காய் எண்ணெய் ஆகாது. பொருள்களின் பட்டியலில் "மினரல் ஆயில்" என்றோ "லிக்விட் பாரபின்" என்றோ இருந்தால் அது கனிம எண்ணெய் சேர்ந்தது. கனிம எண்ணெய் தோலுக்கு நஞ்சன்று. மேற்கூறிய 2004-ஆம் ஆண்டு ஆய்வில் அதுவும் ஈரத்தைக் காத்தது. ஆனால் முடிக்குள் புகுந்து புரதத்தைக் காக்கும் குணம் அதற்கில்லை. மலிவான பொருளுக்குத் தேங்காய் எண்ணெயின் விலையைக் கொடுப்பதுதான் நட்டம்.

தூய தேங்காய் எண்ணெய் உணவுப் பொருளா, தலை எண்ணெயா என்னும் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றதை அங்கத்தினர் அறிவது பயனுடைத்து. சேலம் கலால் ஆணையர் தொடர்புடைய அவ்வழக்கில், 2018-ஆம் ஆண்டில் இரு நீதிபதிகளின் கருத்து வேறுபட்டது. பின்னர் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, 2024 டிசம்பர் 18-ஆம் நாள், சிறு புட்டியில் அடைத்த காரணத்தினால் மட்டும் தூய தேங்காய் எண்ணெய் தலை எண்ணெய் ஆகிவிடாது. தலைக்கென்றே குறித்து விற்றாலன்றி அது உணவெண்ணெயே என்று தீர்ப்பளித்தது. அப்பொழுது உணவெண்ணெய்க்கு வரி 5 விழுக்காடு. தலை எண்ணெய்க்கு 18 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய் வரியும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரி வேறுபாடு நீங்கினும் ஒரு பாடம் எஞ்சுகிறது. உணவெண்ணெயாக விற்கப்படும் புட்டி உணவுப் பாதுகாப்புத் தரத்திற்குக் கட்டுப்பட்டது. அதில் 14 இலக்க உரிம எண் இருக்கும். அயோடின் மதிப்பு 7.5-க்கும் 10-க்கும் இடையே இருக்க வேண்டும். அமில மதிப்பு 6-க்கு மேற்படலாகாது என்றெல்லாம் அத்தரத்தில் வரம்பு உண்டு. உண்ணத் தகுந்த தூய எண்ணெய் தடவவும் தகுந்தது. ஆகவே சமையலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என இரு புட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

7. சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவர் ஆய்வுக்கூடத்திற்கு எண்ணெயை அனுப்ப இயலாது. நூறு அங்கத்தினர் சேர்ந்தால் இயலும். கூட்டுறவின் பயன் இத்தகைய இடத்தில்தான் விளங்குகிறது. கேரளத்தில் தென்னை விவசாயிகளின் கூட்டுறவு இணையமாகிய கேராபெட் "கேரா" என்னும் பெயரில் எண்ணெயை விற்கிறது. நம் மாநிலத்தில் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் கொப்பரையை முதல் தரம், இரண்டாம் தரம் எனப் பிரித்து ஏலம் விடுகிறது. தரம் பிரித்தால் நல்ல கொப்பரைக்கு நல்ல விலை; வாங்குவோருக்கும் ஐயமில்லை.

எண்ணெயின் தரம் செக்கில் தொடங்குவதன்று, களத்தில் தொடங்குகிறது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ பாதி நீர். அதனை 6 அல்லது 7 விழுக்காடு ஈரம் மட்டும் எஞ்சும்வரை உலர்த்த வேண்டும். அரைகுறையாக உலர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணங்களுள் சில அப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குபவை. வெண்மையாகத் தோன்றவேண்டிக் கந்தகப் புகை போடுவதும் தவிர்க்கத்தக்கது. ஈரமுள்ள கொப்பரையின் எண்ணெய் விரைவில் காறும். காறிய எண்ணெய் தோலில் எரிச்சல் தரும்.

கணக்கு இது: ஏறத்தாழ 7 காய்க்கு ஒரு கிலோ கொப்பரை, ஒரு கிலோ கொப்பரையில் 600 கிராமுக்கு மேல் எண்ணெய். ஆகவே ஒரு லிட்டருக்குச் சுமார் 10 அல்லது 11 காய்கள் வேண்டும். 2025 பருவத்திற்கு அரவைக் கொப்பரைக்கு நடுவணரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலையோ அவ்வாண்டில் அதனை வெகுவாகத் தாண்டியது. அங்கத்தினர் இக்கணக்கை மனத்திற்கொண்டால், காயின் விலையைவிடக் குறைந்த விலைக்குத் "தூய எண்ணெய்" விற்பவரிடம் ஏமாறமாட்டார்.

சங்கப் பண்டகசாலைகளின் நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டியன நான்கு. முதலாவது, கொப்பரையையோ எண்ணெயையோ மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது, ஒவ்வொரு கொள்முதலிலும் மாதிரி எடுத்து முத்திரையிட்டு வைத்தல். இரண்டாவது, உணவு ஆய்வுக்கூடத்தில் அயோடின் மதிப்பும் அமில மதிப்பும் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல். மூன்றாவது, அரசு விலக்கு அளித்தாலன்றி உணவெண்ணெயை அடைக்காமல் அளந்து ஊற்றி விற்பதற்குச் சட்டத்தில் தடை உண்டு. ஆகவே 200 மில்லி, 500 மில்லிப் புட்டிகளில் அடைத்து, உரிம எண்ணும் நாளும் குறித்து விற்றல். நான்காவது, வெயில் படாத இடத்தில், ஈரமில்லாத கலத்தில் வைத்துக் காத்தல். வீட்டிலும் ஈரக் கையை எண்ணெய்க் கலத்தில் விடலாகாது.

இவற்றிற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை, ஒழுங்கே வேண்டும். ஆய்வுக்கூடக் கட்டணத்தை நூறு குடும்பங்களின் மேல் வகுத்தால், தலைக்கு விழுவது மிகச் சிறு தொகையாகும். அதனால் கிடைப்பதோ, தன் குழந்தையின் உடலில் தடவும் எண்ணெய் இன்னதென்று தாய் ஐயமின்றி அறியும் உறுதி.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. எண்ணெய் ஈரத்தைத் தருவதா, காப்பதா? குளிக்கும் முன் உடலில் தடவுவதற்கும், குளித்தபின் ஈரத்தோலில் தடவுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

2. நனைந்த பருத்தி நூல், நனைந்த பட்டிழை, நனைந்த தலைமுடி ஆகியவற்றின் வலிமை எவ்வாறு மாறுகிறது? இதிலிருந்து சிக்கெடுக்கும் முறையை விளக்குக.

3. நெசவாளர் பகலில் கையில் எண்ணெய் தடவாமல் இரவில் தடவ வேண்டுவது ஏன்?

4. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து, சீட்டில் உள்ள பொருள்களின் பெயரைப் படித்துக் காட்டுக. தேங்காய் எண்ணெய் மட்டுமே உள்ளவை எத்தனை?

5. நம் சங்கப் பண்டகசாலை எண்ணெயைச் சோதித்து விற்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, அடுத்த பொதுக்குழுவில் வைக்கத்தக்க தீர்மானம் ஒன்றை எழுதுக.

ஐந்தாவது வினாவிற்கு எழுதப்படும் விடை ஏட்டில் நின்றுவிடாமல், பொதுக்குழுவில் நிறைவேறிப் பண்டகசாலை அலமாரியில் புட்டியாக நிற்குமாயின், அங்கத்தினர் கொடுக்கும் விலைக்கு ஏற்ற எண்ணெய் அவர்கள் கைக்கு வந்து சேரும்.